தந்தி நாதமும் ஒலிப்பதிவும்

என் மேசை இழுப்பறையில் பழைய ஒலிநாடா ஒன்று இருக்கிறது. 1985-ஆம் ஆண்டில், இராயபுரத்தில் நான் இளம் ஆசிரியனாய் இருந்தபொழுது, என் கையாலேயே பதிவு செய்தது அது. அதனைக் கருவியில் இட்டால் முதலில் மின்விசிறியின் ஓசை கேட்கும். அடுத்து, துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லாரியின் உறுமல் கேட்கும். இவற்றிற்கெல்லாம் அடியில், ஆழ்கிணற்றிலிருந்து எழுவதுபோல, ஒரு கிதாரின் இசை கேட்டும் கேளாமலும் ஒலிக்கும்.

அதனை வாசித்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாலைதோறும் தம் வீட்டு முன்கூடத்தில் அமர்ந்து அவர் வாசிக்கும்பொழுது, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். தம் மக்களுடன் வாழ அவர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட இருந்த வாரத்தில், நான் நண்பர் ஒருவரிடம் ஒலிநாடாக் கருவியை இரவல் வாங்கிச் சென்றேன். அதனை மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கருவி இருக்கிறது, கலைஞர் இருக்கிறார், இனி என்ன குறை என்று எண்ணினேன். அவர் அயல்நாட்டிலேயே காலமானார். எனக்கு எஞ்சியது பெரும்பாலும் மின்விசிறியின் ஓசைதான்.

ஒரு தந்தியின் நாதத்தை அது பிறந்தவாறே பிடித்து வைப்பது ஏன் இத்துணை அரிய செயலாய் இருக்கிறது? மனிதர் அதனை எவ்வாறு படிப்படியாகக் கற்றனர்? இன்று வீட்டுக் கணிப்பொறியில் கிதார் வாசித்துப் பதிவு செய்யும் இளைஞன் அந்த வரலாற்றிலிருந்து எதனைப் பெறலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நம் வட சென்னையிலேயே தொடங்குவோம். திருவொற்றியூர் என்றதும் இன்று தொழிற்சாலைகளும் சரக்குப் பெட்டிகளை ஏற்றிய லாரிகளும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்வூர் இசை வரலாற்றில் பெருமை மிக்கது. தியாகராசர் அங்கு வந்து, வடிவுடையம்மனாகிய திரிபுரசுந்தரியின்மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவருடைய மாணாக்கராகிய வீணை குப்பய்யர் அவ்வூரோடு நெருங்கிய தொடர்புடையவர். பெயரிலேயே வீணையைத் தாங்கிய அப்பெருமகனாரின் வாசிப்பு எத்தகையதாய் இருந்தது? நாம் ஒருபோதும் அறிய இயலாது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டது 1877-இல். குப்பய்யரின் காலம் அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. அவர் இயற்றிய வர்ணங்கள் இருக்கின்றன. அவர் விரல் எழுப்பிய நாதம் காற்றோடு போயிற்று.

அதே கடற்கரையோரம் சற்றுத் தெற்கே, ஜார்ஜ் டவுனில், 1867-இல் பிறந்தவர் வீணை தனம்மாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் தம் இல்லத்தில் வாசிப்பதைக் கேட்கப் புலவரும் கலைஞரும் கூடுவர். அவருடைய வீணை உரத்து ஒலிப்பதன்று. அருகில் அமர்ந்து மூச்சடக்கிக் கேட்க வேண்டியது. 1938-இல் அவர் மறைந்தார். எனினும் அவருடைய வாசிப்பில் ஒரு சிறு பகுதியை நாம் இன்றும் கேட்கலாம். 1930-களில் கொலம்பியா நிறுவனத்தார் இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தனர். அவை ஒரு தலைமுறை முன்னர் பதிவாகியிருந்தால், அந்த மெல்லிய நாதத்தில் பாதியும் தேறியிராது. ஏன் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

இந்தியாவில் வணிக நோக்கில் இசைத்தட்டுக்காகப் பாட்டுப் பதிவு செய்யும் பணி 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் கௌஹர் ஜான் முதலியோர் பாடியவற்றைப் பதிவு செய்தார். அக்காலக் கருவியில் மின்சாரத்திற்கு வேலை இல்லை. கலைஞர் ஒரு பெரிய கூம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடுவார். அவ்வொலி குழலின் முடிவிலுள்ள மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டோடு பிணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஊசியை அசைக்கும் ஆற்றல் முழுவதும் பாடுபவரின் தொண்டையிலிருந்தே வர வேண்டும். ஆதலால் உரத்த குரலும் ஊதுகருவியும் நன்கு பதிந்தன. தந்திக் கருவிகள் துன்புற்றன. வயலின் போதாதென்று, அதன் மரப்பெட்டியை நீக்கி உலோகக் குழலைப் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்னும் புதுமையையே மேலைநாட்டார் செய்து பயன்படுத்தினர்.

மற்றொரு குறையும் உண்டு. கூம்புக் குழல் ஏறத்தாழ நொடிக்கு 250 அதிர்விலிருந்து 2,500 அதிர்வு வரையிலான ஒலிகளையே நன்கு வாங்கிற்று. கிதாரின் ஆறு தந்திகளை எண்ணிப் பாருங்கள். அழுத்தாமல் மீட்டினால் அவற்றின் அடிப்படை அதிர்வுகள் சுமார் 82, 110, 147, 196, 247, 330. ஆறில் ஐந்து அக்குழலின் எல்லைக்குக் கீழே கிடக்கின்றன! தந்தி அடிப்படை அதிர்வோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வுகளையும் உடன் எழுப்புவதால் சுரம் இன்னதென்று செவி உணர்ந்துகொள்ளும். ஆனால் நாதத்தின் உடல் போய்விடும், எலும்புக்கூடு நிற்கும்.

1925-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஒலியை மின்னோட்டமாக மாற்றும் ஒலிவாங்கியும், அம்மின்னோட்டத்தைப் பெருக்கும் வால்வுகளும் இசைத்தட்டுப் பதிவுக்கு வந்தன. ஊசியை அசைக்கும் பொறுப்பு கலைஞரிடமிருந்து மின்சாரத்திற்கு மாறியது. மெல்லப் பாடுவோரும் மெல்ல மீட்டுவோரும் முதன்முதலாகப் பதிவறைக்குள் தலைநிமிர்ந்து நுழைந்தனர். தனம்மாளின் வீணை நமக்குக் கிடைத்ததன் இரகசியம் இதுவே. அப்பொழுதும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கிற்று.

இனி, கிதார் நம் பகுதிக்கு வந்த கதையைச் சிறிது கூறுகிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-இல் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். இரயில்வேயோடு இராயபுரத்திலும் பெரம்பூரிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெருகின. கிறிஸ்துமஸ் நடனங்களிலும் திருமண விருந்துகளிலும் அவர்களுடைய கிதார் ஒலித்தது. தேவாலயப் பாடற்குழுக்களுக்கும் அது பரவிற்று. என் தெருப் பெரியவர் அந்த மரபில் வந்தவர். பின்னாளில் அக்கருவி கானாப் பாட்டோடும் கைகோத்தது. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு, வட சென்னையின் கானாவையும் கிதாரையும் ஒரே மேடையில் வைத்துச் சாதிக் கொடுமைக்கு எதிராகப் பாடிற்று. இப்பகுதி இளைஞர் பலர் கையில் இன்று கிதார் இருப்பதில் வியப்பில்லை.

அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மின்கிதார். இதன் பிறப்பை அறிந்தாலன்றி, அதனைப் பதிவு செய்யும் முறை விளங்காது. காந்தப் புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே 1831-இல் காட்டினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1931-இல், அமெரிக்க இசைக்கலைஞர் ஜார்ஜ் பீச்சம் அவ்வுண்மையைக் கிதாருக்குப் பொருத்தினார். எஃகுத் தந்திகளுக்கு அருகே காந்தத்தையும் கம்பிச் சுருளையும் வைத்தார். தந்தி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும்; சுருளில் மின்னோட்டம் எழும். இதுவே 'பிக்கப்' எனப்படுவது. 1932-இல் இத்தகைய கிதார் விற்பனைக்கு வந்தது.

ஒலிவாங்கி ஒரு செவி. பிக்கப் மற்றொரு செவி. இவ்விரண்டின் இயல்பும் வேறு. ஒலிவாங்கி காற்றின் அசைவைக் கேட்பது. ஆதலால் கிதாரோடு மின்விசிறியையும் லாரியையும் பக்கத்து வீட்டுச் சண்டையையும் கேட்கும். பிக்கப் காற்றை ஏறக்குறையக் கேளாது. எஃகின் அசைவையே அறியும். எண்ணூர் விரைவுச் சாலையில் நூறு லாரிகள் நின்று ஒலியெழுப்பினாலும் அதற்குக் கவலை இல்லை. ஆனால் காந்தமும் மின்சாரமும் அதற்கு நன்றாகக் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. குழல்விளக்கின் சோக், தண்ணீர் மோட்டார், மின்மாற்றி ஆகியவை அருகிலிருந்தால் பிக்கப்பில் 'உம்' என்ற இரைச்சல் புகுந்துவிடும். இதனைக் குறைக்கவே சேத் லவர் என்னும் பொறிஞர் 1955-இல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றிப் பிணைத்தார். புற இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலி கூடும்.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. மின்கிதாரின் ஒலி பிக்கப்பில் முடிவதில்லை. அது வால்வு ஆம்பிளிபயருக்குச் சென்று, பெரிய ஒலிபெருக்கி வழியே வெளிவருகிறது. அவ்வொலிபெருக்கி நொடிக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்ட கூரிய ஒலிகளைப் பெரிதும் அடக்கிவிடும். அளவுக்கு மேல் முடுக்கினால் வால்வு ஒலியைச் சற்றே முரடாக்கும். 1951-இல் மெம்பிஸ் நகரில் ஒரு குழுவின் ஆம்பிளிபயர் பழுதுபட்டது. அக்குறையோடேயே 'ராக்கெட் 88' என்னும் பாட்டைப் பதிவு செய்தனர். அந்த முரட்டு ஒலியை மக்கள் விரும்பினர். பழுதே பின்னர் அழகாயிற்று. ஆம்பிளிபயரும் அதன் பெட்டியும் மின்கிதாரின் பாதி உடல் என்பதை இதனால் அறியலாம்.

வீட்டிலேயே பதிவு செய்யும் வழக்கமும் புதியதன்று. லெஸ் பால் என்னும் கிதார்க் கலைஞர் 1940-களில் ஹாலிவுட்டில் தம் வீட்டு வண்டிக் கொட்டகையையே பதிவறை ஆக்கினார். ஒரு பகுதியை வாசித்துப் பதிவார். அதனை ஒலிக்கவிட்டு, கூடவே மற்றொரு பகுதியை வாசித்து இரண்டையும் சேர்த்துப் பதிவார். இவ்வாறு தாம் ஒருவரே பல கிதார்களாய் ஒலித்த பதிவு 1948-இல் வெளிவந்தது. நம் நகரில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டிக் கோடம்பாக்கத்தில் அமைத்த சிறு பதிவறையில் உருவாயிற்று, 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை. பெருங்கூடம் இன்றியும் பேரிசை பிறக்கும் என்று அது தமிழ் இளைஞர்க்குக் காட்டிற்று. எனினும் அத்தகைய கருவிகளின் விலை அன்று எளியோர்க்கு எட்டாதது. நல்ல பதிவறை நகரின் மறுகோடியில் இருந்தது, வாடகையோ மணிக்கணக்கில். காசிமேட்டுப் பிள்ளைக்கும் எண்ணூர்ப் பிள்ளைக்கும் தம் நாதத்தைப் பதிந்து வைக்கும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

அக்கதவைக் கணிப்பொறி திறந்தது. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து எண்களாய் எழுதி வைப்பது, 1982-இல் வெளிவந்த குறுந்தகட்டின் முறை. இன்றைய கணிப்பொறியும் இம்முறையிலோ இதனினும் நுட்பமாகவோ எழுதுகிறது. 1990-களில் வால்வு ஆம்பிளிபயரின் இயல்பையே கணக்காக்கி நடிக்கச் செய்யும் கருவிகள் தோன்றின. இன்று அத்தகைய மென்பொருள்கள் விலையின்றியும் கிடைக்கின்றன.

அப்படியாயின் துன்பம் ஒழிந்ததா? இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வாடிய முகத்தோடு வந்தார். திருவொற்றியூரில் கடைசல் தொழிலாளி ஒருவரின் மகன்; சரக்குப் பெட்டகக் கிடங்கில் எழுத்தர். பத்தடிக்குப் பத்தடி அறையில், தவணையில் வாங்கிய மடிக்கணிப்பொறியில் தம் பாட்டுகளைப் பதிந்து ஓரிடத்திற்கு அனுப்பியிருந்தார். ஒலித்தரம் போதாது என்று திரும்பி வந்துவிட்டது. "சார், பணம் இருந்தாத்தான் இதெல்லாம் நடக்கும் போல. கிதாரை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார். பதிவைக் கேட்டேன். கொசு இரைவது போன்ற மெலிந்த ஒலி. அடியில் 'உம்' என்ற இரைச்சல்.

நான் வரலாற்று ஆசிரியன்; பொறிஞன் அல்லேன். ஆயினும் வரலாறு ஒரு நல்ல பழக்கத்தைத் தரும். எந்தப் பொருளும் எவ்வழியாக வந்தது என்று முறையாகக் கேட்கச் சொல்லும். விரல், தந்தி, பிக்கப், கம்பி, கணிப்பொறியின் வாயில், ஆம்பிளிபயர், பெட்டி. இவ்வரிசையில் நான் வினவினேன். அவர் ஒவ்வொன்றாய்ச் சோதித்தார்.

தந்திகள் கடற்காற்றில் துருவேறிக் கிடந்தன. புதிய தந்தி கட்டி, ஒவ்வொரு முறை வாசித்த பின்னும் துணியால் துடைக்கும் பழக்கத்தை மேற்கொண்டார். பாதிப் பொலிவு அதிலேயே மீண்டது. இரைச்சலைத் தேடினோம். குழல்விளக்கை அணைத்தபொழுது ஒரு பங்கு குறைந்தது. கிதாரோடு உடலைச் சற்றுத் திருப்பி அமர்ந்தபொழுது மேலும் குறைந்தது. ஏனெனில் சுருள் இரைச்சலின் திசைக்கு ஏற்பக் கூடவும் குறையவும் வாங்கும். கணிப்பொறியின் மின்னூட்டியைக் கழற்றி, மின்கலத்திலேயே ஓட்டியபொழுது எஞ்சியதில் பெரும்பகுதி மறைந்தது. சுவர்ச் செருகியில் எர்த் கம்பி இணைக்கப்படாமலே இருந்ததைப் பின்னர் ஒரு மின்பணியாளர் கண்டு சரிசெய்தார். அது நாதத்திற்கு மட்டுமன்றி உயிருக்கும் காப்பாகும்.

அடுத்தது கணிப்பொறியின் வாயில். அவர் கிதாரை ஒலிவாங்கிக்குரிய துளையில் செருகியிருந்தார். பிக்கப்பின் மின்னோட்டம் மிக மெலிது. சில ஆயிரம் ஓம் மின்தடையுள்ள வாயில் அதனைச் சுமையாய் அழுத்தி, கூரிய ஒலிகளை மழுங்கச் செய்யும். கிதாருக்குரிய வாயிலின் தடை சுமார் 10 இலட்சம் ஓம். அத்தகைய வாயிலுள்ள சிறிய ஒலி இணைப்புப் பெட்டி ஒன்றைப் பழைய விலையில் வாங்கினார். பதிவின் அளவையும் தாழ்த்தினார். வால்வு எல்லை மீறினால் ஒலி இனிமையாய்க் கரடாகலாம். எண் எல்லை மீறினால் தலை வெட்டுண்டு கிறீச்சிடும். ஆதலால் உச்சத்திற்குக் கீழே போதிய இடம் விட்டுப் பதிவதே அறிவுடைமை.

இறுதியாகக் கொசு இரைச்சல். அவர் மென்பொருளில் ஆம்பிளிபயரைச் சேர்த்திருந்தார், பெட்டியைச் சேர்க்கவில்லை. ஒலிபெருக்கிப் பெட்டி அடக்க வேண்டிய கூரிய ஒலிகளெல்லாம் அடங்காமல் நின்றன. பெட்டியின் இயல்பைத் தரும் பகுதியையும் இணைத்தவுடன் அவர் முகம் மலர்ந்ததை நான் மறவேன். மொத்தச் செலவு ஒரு கிதாரின் விலையினும் குறைவு.

மின்சாரமில்லாத மரக்கிதாரைப் பதிவோர்க்கும் ஒரு சொல். அங்கே ஒலிவாங்கியே துணை. அதனைக் கிதாரின் துளைக்கு நேரே வைத்தால் ஒலி குமுறும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற கம்பிக் கட்டுகளில் பன்னிரண்டாவதற்கு எதிரே, சுமார் ஓரடித் தொலைவில் வைத்துப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அறையில் மெத்தையும் துணிகளும் இருந்தால் எதிரொலி குறையும். பின்னர்ச் செவியால் கேட்டு ஒவ்வோர் அங்குலமாய் நகர்த்துங்கள்.

அம்மாணவர் நன்றிக்கடனாக என் பழைய ஒலிநாடாவைக் கேட்டு வாங்கிச் சென்றார். கணிப்பொறியில் ஏற்றி, இரைச்சலை நீக்கப் பல இரவுகள் முயன்றார். மின்விசிறியின் ஓசை குறையக் குறையக் கிதாரும் தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் கரைந்தது. அன்று நான் பயன்படுத்திய கருவி, மெல்லிய ஒலி வந்தபொழுதெல்லாம் தானே அளவை உயர்த்தி, மின்விசிறியையும் சேர்த்து உயர்த்திப் பதிந்திருக்கிறது என்று விளக்கினார். சங்கிலியின் முதற்கண்ணியில் இழந்ததைக் கடைசிக் கண்ணி தராது. 1902-க்கும் இன்றைக்கும் பொதுவான உண்மை இது ஒன்றே.

ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. இரைச்சலுக்கு இடையே சுரங்களைச் செவியால் பொறுக்கி, அப்பெரியவர் வாசித்த இசை முழுவதையும் கற்றுக்கொண்டார். ஒருநாள் மாலை என் வீட்டிற்கு வந்து, தாம் வாசித்துப் பதிந்ததைக் கேட்கச் செய்தார். தெளிந்த, நிறைந்த நாதம். நாற்பது ஆண்டுக்கு முந்தைய இராயபுரத்துத் தெரு என் கண்முன் வந்தது. பாட்டு பிழைத்துவிட்டது. அப்பெரியவரின் விரல் மட்டும் அதில் இல்லை.

மாணவ அன்பர்களே! உங்கள் வீட்டிலும் தெருவிலும் தாலாட்டுப் பாடும் பாட்டியார் இருக்கலாம். புல்லாங்குழலோ கிதாரோ வாசிக்கும் முதியவர் இருக்கலாம். உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி, கெய்ஸ்பெர்க் கொண்டுவந்த கருவியினும் பன்மடங்கு வல்லது. பொத்தானை அழுத்துமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். சன்னலைச் சாத்துங்கள். அருகில் சென்று அமருங்கள். ஒருமுறை பதிந்து, கேட்டுப் பார்த்து, அவர் அங்கே இருக்கும்பொழுதே மறுமுறை பதியுங்கள். நான் அன்று இரண்டாம் முறை கேட்கவில்லை.